தமிழ்வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் முதல் வருடம்: ஏழு வாரமாக வகுப்பில் ஒன்றும் புரியவில்லை

செங்கம்_பையன் | செப்டம்பர் 28, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே முதன்முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. பிளஸ் டூவில் கணக்கில் 94. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) கிடைத்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். கவுன்சிலிங் முடிந்த அன்று அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்.

வகுப்பு தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அறைக்கு வந்து திறந்து பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் கேட்க எழுந்து நின்றேன். தமிழில்தான் வந்தது. "இங்கிலீஷ்ல கேளு" என்றார் ஆசிரியர். வாய் திறக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பின்பெஞ்சில் சிரித்தார்கள். அதன்பிறகு ஒரு நாளும் எழுந்திருக்கவில்லை.

முதல் இன்டர்னல் (கல்லூரிக்குள் நடக்கும் தேர்வு) மார்க் வந்துவிட்டது. 60க்குக் கணக்கு 17, இயற்பியல் 21, பைத்தான் புரோகிராமிங் 14. வீட்டில் நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அறையில் ஒருவன், "உனக்கென்ன, கோட்டா, ஃபீஸ் கூடக் கிடையாது" என்றான். அன்று இரவு சாப்பிடவே போகவில்லை.

பேசாமல் இதை விட்டுவிட்டு அடுத்த வருடம் திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது. இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது போகப் போகச் சரியாகுமா?

மூன்றாமாண்டு_மெக் | செப்டம்பர் 28, இரவு 11.52

தம்பி, நான் உசிலம்பட்டி. அதே தமிழ்வழிதான். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், மூன்றாவது செமஸ்டருக்குள் இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். முதல் செமஸ்டர் முடிவு வரும் வரைக்கும் எந்த முடிவும் எடுக்காதே.

ஒரு கேள்வி. உன் கல்லூரி தன்னாட்சியா (தானே தேர்வு நடத்துவதா), இல்லை அண்ணா பல்கலைக்கழகத் தேர்வா? அது தெரிந்தால்தான் மார்க் கணக்கைச் சரியாகச் சொல்ல முடியும்.

செங்கம்_பையன் | செப்டம்பர் 29, காலை 6.10

அண்ணா, அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுதான். தன்னாட்சி இல்லை.

சாக்பீஸ் | செப்டம்பர் 29, இரவு 8.35

நான் இன்னொரு ஊரில், ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. உன் பதிவைக் காலையிலேயே படித்துவிட்டேன், நிதானமாக எழுத வேண்டும் என்று இப்போது உட்கார்ந்தேன்.

முதலில் மார்க். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி (2021 முதல் 2024 வரை சேர்ந்தவர்களுக்கு) தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. மொத்தத்தில் 50 வேண்டும், பல்கலைத் தேர்வில் தனியாக நூற்றுக்கு 45 வேண்டும். இன்டர்னலில் இரண்டு மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட் மாதிரியானவற்றுக்கு 40. நீ கணக்கில் 17 எடுத்திருக்கிறாய். அசைன்மென்ட்டை ஒழுங்காக வைத்து 35 வாங்கியிருந்தால் முதல் மதிப்பீடு 52. இரண்டாவதில் 70 எடுத்தால் சராசரி 61. அதை 40க்கு மாற்றினால் 24 சொச்சம். பல்கலைத் தேர்வில் 45 எடுத்தாலே அது 60க்கு 27. இரண்டையும் கூட்டிப் பார், 51. தேர்ச்சி. ஒரு இன்டர்னலில் 17 வாங்கியது யாருடைய படிப்பையும் முடித்துவிடாது. 45 எடுத்தால் போதும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பயத்தோடு அடுத்த ஒன்றரை மாதத்தை வீணாக்கிவிடாதே என்பதற்காகத்தான்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். பிளஸ் டூவில் 94 எடுத்தவனுக்கு முதல் யூனிட்டில் வரும் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பது உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டிடர்மினன்ட் என்று உன் ஆசிரியர் சொல்வது நீ படித்த அணிக்கோவை. இன்வெர்ஸ் என்றால் நேர்மாறு. ரேங்க் என்றால் அணியின் தரம். இயற்பியலில் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா என்று வந்தவுடன் மிரண்டிருப்பாய், அது பதினொன்றாம் வகுப்பில் நீ கணக்குப் போட்ட நிலைமத் திருப்புத்திறன். டார்க் என்பது திருப்புவிசை. ஐகன் வேல்யூவும் கெய்லி-ஹாமில்டன் தேற்றமும் மட்டும்தான் நிஜமாகவே புதுசு. அவை உன் வகுப்பில் மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் அன்றைக்குத்தான் அறிமுகம்.

நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டு கணக்கு, இயற்பியல் புத்தகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே புத்தகம்தான். அதே பாடம், அதே வரிசை, அதே பயிற்சிக் கணக்குகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். தமிழ் அத்தியாயம் உனக்குப் பழகியது, அதன் ஆங்கிலப் பக்கத்தைச் சத்தமாகப் படி. முதல் நாள் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பத்தாவது நாள் அந்த நேரம் தானாகக் குறையும். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிடப் பெரிதாக எதையும் உனக்குத் தந்துவிடாது.

மூன்றாவது, ஸ்டாஃப் ரூமுக்குப் போ. வகுப்பில் எல்லோர் முன்னாலும் "இங்கிலீஷ்ல கேளு" என்ற அதே ஆசிரியர் அங்கே பெரும்பாலும் தமிழில்தான் விளக்குவார். அவர் உன்னை உட்காரவைத்தது தவறு. அதை ஒரு ஆசிரியராக நான் சொல்கிறேன்.

நைட்ஷிப்ட் | செப்டம்பர் 29, இரவு 10.05

சாக்பீஸ் ஐயா மீது மரியாதை உண்டு, ஆனால் இந்த ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

நானும் தமிழ்வழி. தர்மபுரி மாவட்டம். நான்கு வருடமும் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி மாற்றியே புரிந்துகொண்டேன். 7.9 சி.ஜி.பி.ஏ. இருந்தும் கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக மூன்று கம்பெனியில் எச்.ஆர். சுற்றிலேயே வெளியே வந்தேன். கேள்வியைத் தமிழில் மாற்றி, பதிலை யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த மூன்று தோல்வியும் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது, முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் யோசி. தமிழ்ப் புத்தகத்தை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடு. ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கால் எப்போது பழகும்?

சாக்பீஸ் | செப்டம்பர் 29, இரவு 10.40

நைட்ஷிப்ட், உங்கள் வலி புரிகிறது. ஆனால் உங்களைத் தடுத்தது தமிழில் புரிந்துகொண்டதா, ஆங்கிலத்தில் பேசிப் பழகாததா? இரண்டும் வேறு வேறு. முதலாம் ஆண்டில் புரியாமல் மனப்பாடம் செய்த பையன்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். "எவ்ரி ஸ்கொயர் மேட்ரிக்ஸ் சாட்டிஸ்ஃபைஸ் இட்ஸ் ஓன் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்" என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். அதை வைத்து ஒரு அணியின் நேர்மாறைக் கண்டுபிடி என்றால் கை நின்றுவிடும். வினாத்தாளில் 2 மார்க் கேள்வி பத்து, அதில் ஒப்பித்து ஏதோ தேற்றலாம். 13 மார்க் கேள்வி ஐந்தும் 15 மார்க் கேள்வி ஒன்றும் ஒப்பித்தால் வராது.

கிளிநொச்சிக்காரி | செப்டம்பர் 30, காலை 7.15

நான் இலங்கை, கிளிநொச்சி. உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) கணிதப் பிரிவு முழுக்கத் தமிழில் படித்துப் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போனவள். அங்கே விரிவுரை, பரீட்சை எல்லாமே ஆங்கிலம். இந்த இழையை வாசித்தபோது என் முதல் வருடம் அப்படியே முன்னால் வந்து நின்றது.

நீங்கள் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்போம். உங்கள் அணி எங்களுக்குத் தாயம். முதல் விரிவுரையில் அக்ஸலரேஷன் என்று கேட்டதும் அது ஆர்முடுகல்தான் என்று பிடிக்க எனக்குச் சில நொடிகள் எடுத்தது. அந்தச் சில நொடிகளுக்குள் விரிவுரையாளர் நான்கு வரி தாண்டிவிடுவார். செங்கம் தம்பி சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. சிங்களப் பிள்ளைகளும் உயர்தரத்தைத் தங்கள் மொழியில் படித்துவிட்டு வந்தவர்கள், அவர்களுக்கும் இதே பாடுதான். என் அறைத் தோழி மாத்தறைப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆங்கிலத்தைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. சோறு சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அதுதான், பாடம் கேட்பதற்கும் அதுதான். பிழையாகப் பேசிப் பேசியே இரண்டு பேருக்கும் வந்தது. ஆகவே நைட்ஷிப்ட் அண்ணா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பேசாமல் வராது.

ஆனால் பாடம் விளங்கியது வேறு விதமாக. எங்கள் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று ஒன்று உண்டு. பரீட்சைக்கு முன்னால் ஒரு பாடம் நன்றாக விளங்கிய பிள்ளையோ சீனியரோ மற்றவர்களை உட்காரவைத்து, தங்கள் மொழியில் முதலில் இருந்து சொல்லிக்கொடுப்பது. யாரும் காசு வாங்குவதில்லை. ஒரு சீனியர் அக்கா இரவு பதினொரு மணிக்குத் தமிழில் எடுத்த குப்பிதான் எனக்குத் திரவ இயக்கவியலைக் காப்பாற்றியது. விளக்கம் தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். கேள்வித்தாளில் வரும் ஆங்கிலச் சொல்லை அவர் ஒரு தடவையும் மாற்றமாட்டார், சுற்றியுள்ள கதையை மட்டும் தமிழில் சொல்வார்.

தம்பி, உங்கள் விடுதியில் தமிழ்வழி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். நிச்சயம் நீங்கள் மட்டும் இல்லை.

விடுதி_ஜன்னல் | செப்டம்பர் 30, மதியம் 1.20

நானும் முதலாம் ஆண்டு, சி.எஸ்.இ. நான் ஆங்கில வழிதான், ஆனாலும் பைத்தான் முதல் இன்டர்னலில் 19தான். பள்ளியில் பயாலஜி குரூப் எடுத்தவள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு அங்கேயே பைத்தான் இருந்தது, அதனால் வேகமாகப் போகிறார்கள். அண்ணா, உங்கள் 14க்கு முழுக் காரணமும் மொழி இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகாததும்தான். லேப் நேரம் எங்களுக்குப் போதவில்லை. நான் மொபைலிலேயே பைத்தான் ஓட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, தினமும் ஒரே ஒரு புரோகிராம் தட்டச்சு செய்கிறேன்.

எங்கள் விடுதியில் மாலை ஆறரைக்கு மேல் வெளியே விடமாட்டார்கள், நூலகம் எட்டு வரை திறந்திருக்கும். பையன்கள் போகலாம், நாங்கள் போக முடியாது. இதைப் பற்றித் தனி இழை போட வேண்டும்.

கரூர்_அப்பா | அக்டோபர் 1, இரவு 9.00

என் மகள் இந்த வருடம் சென்னையில் சேர்ந்திருக்கிறாள். நான் பெற்றவனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்பி, வீட்டில் உண்மையைச் சொல்லிவிடு. என் மகள் ஒரு மாதம் "நல்லா இருக்கேன்ப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இளைத்துப்போயிருந்தாள். எங்களுக்குப் பாடம் புரியாது. ஆனால் பிள்ளை அழுதால் கேட்டுக்கொண்டிருக்கத் தெரியும். உன் அப்பா பெங்களூரில் தனியாக வேலை செய்கிற மனிதர். வீட்டை விட்டு இருக்கிற கஷ்டம் அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

செங்கம்_பையன் | அக்டோபர் 2, இரவு 10.15

எல்லோருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். கரூர் ஐயா சொன்னபடி நேற்று அப்பாவிடம் பேசினேன். அவர் முதன்முதலில் பெங்களூரு போனபோது கன்னடம் தெரியாமல் ஒரு மாதம் பேசாமலே வேலை செய்தாராம். இத்தனை வருடத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. "மார்க்கை விடு, சாப்பிட்டியா" என்று கேட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, முதலில் எழுதத் தயங்கினேன். விடுதியில் இரண்டு சீனியர்கள் தினமும் இரவு தங்கள் லேப் ரெக்கார்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் பாட்டுப் பாடு, டான்ஸ் ஆடு என்கிறார்கள். இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. படிக்க நேரம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாமாண்டு_மெக் | அக்டோபர் 2, இரவு 10.22

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது ராகிங். பெயர்தான் ரெக்கார்டு.

சாக்பீஸ் | அக்டோபர் 2, இரவு 10.50

தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். யு.ஜி.சி.யின் 2009 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருந்தாக வேண்டும். அட்மிஷனின்போது நீயும் உன் பெற்றோரும் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தச் சீனியர்களும் போட்டவர்கள்தான். தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் இயங்கும், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் உன் வகுப்பு ஆலோசகரிடம் சொல். அவர் கேட்கவில்லை என்றால் இந்த எண்.

மனசு ரொம்பக் கனமாக இருக்கும் இரவுகளில் 14416க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கிளிநொச்சிக்காரி | அக்டோபர் 3, காலை 6.40

இங்கே இதற்குப் பகிடிவதை என்று பெயர். 1998இல் இங்கும் சட்டம் வந்தது, ஆனாலும் முழுக்க நிற்கவில்லை. என்னுடைய பட்ச்சில் ஒரு பிள்ளை இதனாலேயே படிப்பை விட்டுப் போனாள். தம்பி, தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட் | அக்டோபர் 3, காலை 8.10

இரண்டு நாள் யோசித்தேன். குப்பி பற்றிப் படித்தபிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எனக்குக் கிடைக்காதது பேசுவதற்கு ஒரு ஆள். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டது என்னைக் கெடுக்கவில்லை, நான்கு வருடமும் யாரிடமும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசாமல் இருந்ததுதான் கெடுத்தது. தமிழ்ப் புத்தகத்தை ஊருக்கு அனுப்பு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தம்பி, உனக்குச் சம்மதம் என்றால் ஞாயிறு மாலை அரை மணி நேரம் நான் போனில் உன்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறேன். கிரிக்கெட், ஊர்க்கதை, எதுவானாலும் சரி. தப்பாகப் பேசினாலும் நடுவில் திருத்தமாட்டேன். தனிமடல் போடு.

செங்கம்_பையன் | நவம்பர் 9, மாலை 5.30

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வகுப்பு ஆலோசகரிடம் சொன்னேன். பயந்துகொண்டேதான் போனேன். மறுநாளே வார்டன் வந்து விசாரித்தார். ரெக்கார்டு வருவது நின்றுவிட்டது. அந்தச் சீனியர்களில் ஒருவர் இன்னும் மெஸ்ஸில் முறைக்கிறார்.

எண்ணிப் பார்த்தேன். எங்கள் தளத்தில் மட்டும் தமிழ்வழிப் பையன்கள் ஆறு பேர். ஒருவன் என் பக்கத்து அறை, அரியலூர்க்காரன். அவனும் என்னைப் போலவே எதுவும் புரியாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது இரவு ஒன்பதரைக்கு வராண்டாவில் உட்காருகிறோம். குப்பி என்றே பெயர் வைத்துவிட்டோம், அக்கா. கணக்கு நான் எடுக்கிறேன். கெய்லி-ஹாமில்டன் வைத்து நேர்மாறு கண்டுபிடிப்பதை மூன்று நாள் எடுத்தேன். மூன்றாவது நாள்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது. கோட்டா என்று சொன்ன என் அறைப் பையனும் போன வாரம் வந்து ஓரமாக உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை, தள்ளி இடம் கொடுத்தோம். பைத்தான் இப்போது அவன்தான் சொல்லித்தருகிறான்.

இரண்டாவது இன்டர்னல்: கணக்கு 41, இயற்பியல் 36, பைத்தான் 22. லேபில் டார்ஷனல் பெண்டுலம் செய்தபோது, அது முறுக்கு ஊசல், அதில் கண்டுபிடிப்பது நிலைமத் திருப்புத்திறன் என்று அரியலூர்க்காரனிடம் மெதுவாகச் சொன்னேன். மேடம் கேட்டுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னொரு தடவை சொல்லு, நான் பள்ளியில் படித்த வார்த்தை அது" என்றார்.

வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பது மட்டும் இன்னும் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நைட்ஷிப்ட் அண்ணனோடு பேசும்போது முதல் பத்து நிமிடம் வியர்க்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது.

தீபாவளிக்கு சேலத்தில் வண்டி மாறி, நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். அரசு தரும் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகையில் அம்மாவுக்குப் புடவை எடுத்தேன்.

அடுத்த செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வருகிறது. அதற்கு வேண்டிய மினி டிராஃப்டர் (வரைபடக் கருவி) புதிதாகவே வாங்க வேண்டுமா, பழையது போதுமா?

மூன்றாமாண்டு_மெக் | நவம்பர் 9, மாலை 5.48

பழையதே போதும். என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, நான் படிப்பதும் கோவைதான். கிளாம்ப் ஸ்க்ரூ கொஞ்சம் லூசாக இருக்கும், ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்து இறுக்கினால் நிற்கும். சனிக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா?

செங்கம்_பையன் | நவம்பர் 9, மாலை 5.51

வருகிறேன் அண்ணா. அரியலூர்க்காரனையும் கூட்டிக்கொண்டு வரலாமா? அவனுக்கும் ஒன்று வேண்டும்.